முகம் திறந்த ஹெல்மெட்: வெயிலின் நியாயமும் சாலையின் கணக்கும்

பங்குனி பாதி கடந்ததும் தமிழ்நாட்டின் ஹெல்மெட் கடைகளில் கேள்வி மாறிவிடுகிறது. “நல்ல ஹெல்மெட்டா குடுங்கண்ணே” என்று கேட்டவர்கள் “காத்து வர்ற மாதிரி ஏதாவது இருக்காண்ணே?” என்று கேட்கத் தொடங்குகிறார்கள். கடைக்காரரின் கை இயல்பாகப் போவது ஓப்பன் ஃபேஸ் அடுக்குக்கு. உச்சி, நெற்றி, காது, பிடரி எல்லாவற்றையும் மூடிவிட்டு முகத்தையும் தாடையையும் திறந்தே விடும் வகை அது. எடை குறைவு. விலையும் பெரும்பாலும் குறைவு. மூச்சு முட்டாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே மாட்டலாம். சிக்னலில் நின்றபடி தண்ணீர் குடிக்கலாம். பெட்ரோல் பங்கில் கழற்றாமல் பேசலாம். கத்திரி வெயிலில் வேலைக்குப் போய்த் திரும்ப வேண்டிய மனிதருக்கு இவை சின்ன விஷயங்கள் இல்லை.

இந்தத் தேர்வைப் பொறுப்பின்மை என்று ஒதுக்குபவர்கள் ஒரு பக்கம். வெயில் நாட்டுக்கு இதுதான் பொருத்தம் என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் பாதி உண்மையோடு நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து. முகம் திறந்த ஹெல்மெட்டுக்கு வலுவான நியாயம் ஒன்று உண்டு. அதைக் குளிர்ச்சியில் தேடினால் கிடைக்காது, மக்கள் அதைக் கழற்றாமல் அணிகிறார்கள் என்பதில்தான் கிடைக்கும். பெரிய குறை ஒன்றும் உண்டு. அது எந்தப் பருவத்திலும் மாறுவதில்லை. எனவே வெயிலின் அளவை வைத்து எடுக்கும் முடிவை, அன்றாடம் போகும் சாலையை வைத்து எடுக்க வேண்டும். இதை நிறுவ வெயில் செய்வதையும் விபத்து செய்வதையும் தனித்தனியே பார்ப்போம்.

பந்தயத்தில் பிறந்தது, பந்தயத்தில் கைவிடப்பட்டது

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் தலையைப் பற்றிய மருத்துவக் கவலை மண்டையோட்டில்தான் தொடங்கியது. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று அறியப்பட்ட டி.இ. லாரன்ஸ் 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்காயத்தால் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெர்ன்ஸ், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட்டின் இன்றியமையாமையை 1941இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அவர் கவலைப்பட்டது மூளையைப் பற்றி. முகம் அப்போது கணக்கில் வரவில்லை.

இன்று நாம் காணும் ஓப்பன் ஃபேஸ் வடிவத்தைப் பிரபலமாக்கியது கலிபோர்னியாவில் ராய் ரிக்டர் நடத்திய பெல் நிறுவனம். கார்ப் பந்தயக்காரர்களுக்காக 1954இல் ‘பெல் 500’ வந்தது. 1957இல் வந்த அடுத்த வடிவத்தில், ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே நாம் தெர்மாகோல் என்று சொல்லும் நுரைப்பொருள் சேர்ந்தது. தாடையையும் மூடும் ஃபுல் ஃபேஸ் 1960களின் பிற்பகுதியில் வந்து, 1968இல் டான் கர்னி போன்ற முன்னணி ஓட்டுநர்களின் தலையில் ஏறியது. அதன் பிறகு பந்தயக்களம் படிப்படியாக முகம் திறந்த வகையைக் கைவிட்டது. எஞ்சின் சூட்டுக்கு நடுவே, தீப்பிடிக்காத உடைக்குள் மணிக்கணக்கில் வெந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். வெப்பத்தைவிட முகத்தின் பாதுகாப்பு முக்கியம் என்று அவர்கள் முடிவெடுத்ததில் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஆனால் அந்த முடிவை அப்படியே நம் தெருவுக்கு இறக்குமதி செய்துவிட முடியாது. பந்தயக்காரர் சில மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கிவிடுவார். மயிலாப்பூரிலிருந்து கிண்டிக்கு ஸ்கூட்டரில் போகிறவர் ஒவ்வொரு நாளும் போக வேண்டும். அதுவும் பெரும்பகுதி நேரம் சிக்னலில் நின்றுகொண்டு. அவருடைய பிரச்சினை வேறு.

குளிர்ச்சி எங்கே கிடைக்கிறது?

முதலில் ஒரு எளிய உண்மை. ஓப்பன் ஃபேஸ், ஃபுல் ஃபேஸ் இரண்டிலும் தலையின் முடி உள்ள பகுதியை மூடுவது ஏறத்தாழ ஒரே அளவு தெர்மாகோல்தான். தெர்மாகோல் வெப்பத்தைக் கடத்தாது. வெளி வெயிலை உள்ளே விடாததைப் போலவே தலையின் சூட்டையும் வெளியே விடாது. ஆகவே உச்சந்தலை வேர்ப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் காரணம் இல்லை. நல்ல காற்றுத்துளைகள் கொண்ட ஃபுல் ஃபேஸ், துளையே இல்லாத ‘ரெட்ரோ’ ஓப்பன் ஃபேஸைவிடத் தலையைக் குளிர்ச்சியாக வைக்கவும் கூடும்.

பிறகு ஏன் ஓப்பன் ஃபேஸ் அத்தனை ஆறுதலாக இருக்கிறது? குளிர்வது முகம் என்பதால். வெப்பத்தையும் குளிரையும் நுட்பமாக உணரும் இடங்களில் முகம் முக்கியமானது. முகத்தில் காற்று பட்டால் உடம்பின் சூடு குறையாமலே நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதி பொய் இல்லை. எரிச்சல் குறைந்தவர் நிதானமாக ஓட்டுவார். உடம்பு உண்மையில் குளிர்ந்துவிட்டதாக எண்ணி நீர் குடிக்க மறப்பதுதான் ஆபத்து.

அடுத்தது காற்றின் வெப்பநிலை. நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 33 முதல் 35 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடம்பின் சூட்டை எடுத்துச் செல்லும். காற்று 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் திசை மாறிவிடுகிறது. வேகமாகப் போகப் போக அது முகத்தில் சூட்டை ஏற்றுகிறது. அப்போது நம்மைக் காப்பாற்றுவது வேர்வை ஆவியாவது ஒன்றுதான். வறண்ட காற்றில் அது வேகமாக நடக்கும். கூடவே உதடும் கண்ணும் தொண்டையும் காயும். வேலூர், திருத்தணி, கரூர் பக்கம் அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும் பிற்பகலில், திறந்த சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் முகத்தோடு போவது திறந்த அடுப்பின் வாயில் முகத்தைக் காட்டுவதற்குச் சமம். நெடுந்தூரம் ஓட்டிப் பழகியவர்கள் கடும் வெயிலில் வைசரை இறக்கி, துளைகள் வழியே மட்டும் காற்றை விடுவது இதனால்தான்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் கதை வேறு. அங்கே காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. போக்குவரத்து நகராத இடத்தில் ஃபுல் ஃபேஸின் துளைகள் வேலை செய்வதும் இல்லை. முன்துளையில் காற்று நுழைந்து பின்துளையில் வெளியேற வண்டி ஓட வேண்டும். கத்திபாரா நெரிசலில் நிற்கும்போது மூச்சுக்காற்று தாடைக்கும் வைசருக்கும் நடுவே தேங்கி, கண்ணாடியில் ஆவி படிந்து, முகம் புழுங்குகிறது. முகம் திறந்த ஹெல்மெட்டின் உண்மையான பலம் இந்த இடத்தில்தான்: மெதுவான வேகம், அடிக்கடி நிற்கும் சாலை, ஈரமான காற்று. ஃபுல் ஃபேஸின் வைசரை நிற்கும் போதெல்லாம் தூக்கிவிட்டால் பெரும் பகுதி ஆறுதல் கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு நாளைக்கு நூறு முறை தூக்கி இறக்குவது எத்தனை பேருக்குச் சாத்தியம்?

ஆக, வெயில் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு நிலைமைகள் இருக்கின்றன. நகரத்துப் புழுக்கத்தில் ஓப்பன் ஃபேஸ் உண்மையாகவே உதவுகிறது. நெடுஞ்சாலையின் வறண்ட அனலில் அது உதவுவதாகத் தோன்றுகிறது, அவ்வளவே. மக்கள் இதை வாங்கும் காரணமோ பெரும்பாலும் இரண்டாவது: “ஊருக்குப் போகணும், வெயில் தாங்கல.”

தாடையின் கணக்கு

ஹெல்மெட் எவ்வளவு வேகத்தில் தலையைக் காக்கும் என்று கேட்டால், பைக் ஓடும் வேகத்தைச் சொல்லிக் குழப்புவார்கள். ஐரோப்பாவின் இ.சி.இ. 22.05 விதிப்படி ஹெல்மெட்டை விநாடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தார்கள். ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம் இது. குறைவாகத் தோன்றலாம். பைக்கிலிருந்து விழும் தலை தரையைச் செங்குத்தாகத் தாக்கும் வேகம் பல விபத்துகளில் இந்த அளவில்தான் இருக்கும். எஞ்சிய வேகம் சாலையில் சறுக்கிக் கரையும். இந்த அடியைத் தெர்மாகோல் நசுங்கி வாங்கிக்கொள்கிறது. மண்டையைப் பொறுத்தவரை ஒரு நல்ல ஓப்பன் ஃபேஸ் இந்த வேலையை முழுமையாகச் செய்யும். இதை மறுப்பவர்கள் அதற்கு அநியாயம் செய்கிறார்கள்.

சிக்கல், தலை எந்தப் பக்கம் விழும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாததில் இருக்கிறது. ஜெர்மனியின் ஹனோவரில் டீட்மார் ஓட்டே விபத்து ஹெல்மெட்டுகளில் அடி விழுந்த இடங்களை வரைபடமாக்கினார். மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அடிகள் தாடைப் பகுதியில் விழுந்திருந்தன. ஓப்பன் ஃபேஸில் அந்த இடத்தில் இருப்பது தோலும் எலும்பும் பல்லும் மட்டுமே. தாடை முறிந்தவரின் வாயைக் கம்பியால் கட்டி வாரக்கணக்கில் நீராகாரம் மட்டும் தர நேரும். வலிமையான அடி தாடை மூட்டு வழியே மண்டையோட்டின் அடிப்பகுதி வரை போகலாம். சறுக்கிக்கொண்டே போகும் முகம் தார்ச்சாலையில் உரசினால் அந்தத் தழும்பு ஆயுள் முழுவதும் கூட வரும். அந்த ஆளின் வேலையையும் திருமணத்தையும் தன்னம்பிக்கையையும் அது தொடுகிறது. “உயிர் பிழைத்தது போதாதா?” என்று கேட்பவர்கள், பிழைத்தவரின் பிந்தைய வாழ்க்கையைக் கணக்கில் எடுப்பதில்லை.

முகத்தைத் திறந்துவைத்தால் நன்றாகப் பார்க்கலாம், ஹார்ன் சத்தம் கேட்கும், விபத்தே குறையும் என்ற வாதமும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்திலேயே ஆராய்ந்து ஹாரி ஹர்ட் 1981இல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாக மறுக்கிறது. ஹெல்மெட் எந்த முக்கியமான சாலை ஓசையையும் மறைக்கவில்லை, பார்வையைக் குறுக்கவில்லை என்பது அதன் முடிவு. அதே அறிக்கையில் நமக்கு இன்னும் பொருந்தும் ஒரு செய்தி இருக்கிறது: விபத்தில் சிக்கியவர்களில் 73 சதவீதத்தினர் கண்ணுக்குப் பாதுகாப்பு எதுவும் அணியவில்லை, கண்ணில் அடித்த காற்று, எதிரே இருந்த ஆபத்தைக் கவனிப்பதைத் தாமதப்படுத்தியிருக்கக்கூடும். மணல் லாரிக்குப் பின்னால் ஓட்டியவர்களுக்கும், மாலை நேரத்தில் ஏரிக்கரைச் சாலையில் பூச்சி கண்ணில் விழுந்தவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வைசர் இல்லாத ஓப்பன் ஃபேஸ், விபத்துக்குப் பிறகு குறைவாகக் காக்கிறது என்பதோடு நிற்காமல் விபத்துக்கே வழி திறக்கிறது.

அணிந்திருப்பதே முதல் பாதுகாப்பு

இவ்வளவு சொன்ன பிறகும் முகம் திறந்த ஹெல்மெட்டை நான் நிராகரிக்கவில்லை. காரணம் வேறொரு கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். ஹெல்மெட் அணியாததால் இறந்தவர்களாக அறிக்கை குறிப்பது 50,029 பேரை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். எந்த ஹெல்மெட் சிறந்தது என்ற நம் விவாதத்தின் எல்லைக்குள்ளேயே வராத சாவுகள் இவை.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் தொகுப்பு, ஹெல்மெட் அணிவது இறப்பின் வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தின் வாய்ப்பை 69 சதவீதமும் குறைப்பதாகக் கணித்தது. வெறும் தலைக்கும் ஹெல்மெட் தலைக்கும் உள்ள இடைவெளி அத்தனை பெரியது. எனவே ஃபுல் ஃபேஸை வீட்டில் வைத்துவிட்டு வெறும் தலையோடு கடைக்குப் போகிறவர், புழுங்குகிறது என்று அதைப் பெட்ரோல் டேங்கில் கவிழ்த்து வைத்து ஓட்டுகிறவர், கையில் மாட்டிக்கொண்டு போலீசைக் கண்டதும் தலையில் வைக்கிறவர் ஆகிய எல்லோரையும்விட, ஓப்பன் ஃபேஸை ஸ்ட்ராப் போட்டு அணிந்தவர் பாதுகாப்பானவர்.

வியட்நாம் இதை நாட்டளவில் செய்து பார்த்தது. நம்மைப் போலவே வெப்பமும் ஈரமும் கொண்ட, வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் உள்ள நாடு. 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் கட்டாயமானது. மிகக் குறுகிய காலத்தில் பெருநகரங்களின் சாலைகளில் ஏறத்தாழ எல்லாத் தலைகளிலும் ஹெல்மெட் ஏறிவிட்டது. வெயிலுக்கென்றே வடிவமைத்த எடை குறைந்த, துளைகள் நிறைந்த ஹெல்மெட்டுகள் இதில் பெரும் பங்கு வகித்தன. சட்டம் வந்த முதல் மாதங்களில் மருத்துவமனைகளுக்கு வந்த விபத்துக் காயக்காரர்களிடையே தலைக்காயத்தின் அபாயம் 16 சதவீதமும் இறப்பின் அபாயம் 18 சதவீதமும் குறைந்திருந்தன. பெரிய வெற்றி இது. முகத்தைக் காக்காத, பலவேளை பிடரியையும் காதையும்கூடக் காக்காத ஹெல்மெட்டுகளால் கிடைத்த வெற்றி என்பதால், எட்டாத உயரமும் ஒன்று அதில் மிச்சம் இருந்தது.

அந்த மிச்சத்தைத் தைவானில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. 2011இல் வெளியான அதில், ஃபுல் ஃபேஸ் அணிந்தவர்களோடு ஒப்பிட்டால், தலையின் மேற்பாதியை மட்டும் மூடும் அரை ஹெல்மெட் அணிந்தவர்களுக்குத் தலைக்காயமும் மூளைக்காயமும் ஏற்படும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஸ்ட்ராப்பைத் தளர்வாகப் போட்டவர்களுக்கும் மூளைக்காய வாய்ப்பு இரண்டு மடங்கைத் தாண்டியது. ஹெல்மெட்டின் வகைக்குக் கொடுக்கும் அதே முக்கியத்துவத்தைப் பக்கிளுக்கும் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவும் ஹெல்மெட் தலையில் இருந்தால் போதும் என்று சொல்லவில்லை. ஸ்ட்ராப்பால் உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது.

2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் மளமளவென்று முளைத்தவை பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் தொப்பிகள். அபராதம் 1,000 ரூபாயாக உயர்ந்த 2022க்குப் பிறகும் அந்த வியாபாரம் ஓயவில்லை. வெயிலைக் காரணம் காட்டி மக்கள் வாங்குவதும் பலவேளை இவற்றைத்தான். காதுக்கு மேலேயே நின்றுவிடும் அந்தத் தொப்பியை ஓப்பன் ஃபேஸ் என்று விற்பது, முகம் திறந்த நல்ல ஹெல்மெட்டுக்கும் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது.

யார், எதற்காகத் தேர்கிறார்கள்

இந்தத் தேர்வை எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் செய்வதில்லை. பின்னலோ கொண்டையோ போட்டு, பூ வைத்து ஸ்கூட்டரில் போகும் பெண்களுக்குப் பிடரி வரை இறுகும் ஃபுல் ஃபேஸ் உண்மையிலேயே தொல்லை. அவர்களின் தலையலங்காரத்தை எண்ணி வடிவமைத்த ஹெல்மெட்டுகள் கடைகளில் மிகக் குறைவு. இது தயாரிப்பாளர்களின் கற்பனைக் குறை. வெயிலுக்கும் தூசிக்கும் துப்பட்டாவை முகத்தில் சுற்றி அதன்மேல் ஹெல்மெட் வைக்கும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. துணியின்மேல் ஸ்ட்ராப் வழுக்கும், பக்கிள் தளரும். மெல்லிய பருத்தி முகமூடித் துணியை உள்ளே அணிந்து, ஸ்ட்ராப் தாடையின் தோலைத் தொடும்படி போடுவது நல்லது.

உணவும் பொட்டலமும் கொண்டு சேர்க்கும் இளைஞர்கள் நண்பகலிலும் சாலையில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் வாடிக்கையாளரிடம் பேச வேண்டும், போனைப் பார்க்க வேண்டும், வழி கேட்க வேண்டும். அவர்களுக்கு முகம் திறந்த ஹெல்மெட் தொழிற்கருவிபோல ஆகிவிட்டது. ஆனால் அதே இளைஞர்கள்தான் நேரத்துக்கு ஓட வேண்டிய கட்டாயத்தில் எல்லோரையும்விட அதிகமாக விழவும் வாய்ப்புள்ளவர்கள். அவர்களின் உழைப்பில் வருமானம் பார்க்கும் நிறுவனங்கள், எடை குறைந்த, நல்ல காற்றோட்டமுள்ள, தாடை காக்கும் ஹெல்மெட்டைத் தங்கள் செலவில் கொடுக்க வேண்டும். வெயிலில் நிற்பவரின் சொந்தப் பணத்தில் மலிவானதைத் தேடவிட்டு, பிறகு அவருடைய தேர்வைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

புல்லட்டிலும் பழைய பாணி பைக்குகளிலும் போகிறவர்களுக்கு ஓப்பன் ஃபேஸ் ஒரு அழகு. அழகுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அதே வண்டிதான் விடுமுறையில் ஏலகிரிக்கும் கொல்லிமலைக்கும் போகிறது. வண்டியின் தோற்றத்துக்குப் பொருந்தும் ஹெல்மெட் அந்த மலைப்பாதையின் வளைவுக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேர்ந்தெடுத்தால், இப்படி

நகரத்துக்குள் மட்டும், 40 கிலோமீட்டரைத் தாண்டாத வேகத்தில் ஓட்டுகிறவர் முகம் திறந்த ஹெல்மெட்டைத் தேர்வதில் தவறில்லை. சில நிபந்தனைகள் உண்டு.

காது, நெற்றிப்பொட்டு, பிடரி மூன்றும் மூடியிருக்க வேண்டும். புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே தலையைச் சுற்றி நாடாவால் அளந்து அதற்குரிய அளவை வாங்க வேண்டும். புதியது கன்னத்தில் சற்று இறுக்கமாக இருப்பதே சரி. பஞ்சு பழகப் பழகத் தளரும். ஸ்ட்ராப்பைப் போட்டுக்கொண்டு, பின்விளிம்பில் கை வைத்து ஹெல்மெட்டை முன்னோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். அது கழன்று முன்னே வந்தால் விலை என்னவானாலும் அது உங்களுக்கானது இல்லை. ஓப்பன் ஃபேஸில் தாடைப்பகுதியின் பிடிமானம் இல்லாததால் இந்தச் சோதனை இரட்டிப்பு முக்கியம்.

தாடை வரை நீளும், நிறமற்ற வைசர் கட்டாயம் வேண்டும். கறுப்பு வைசர் பகலில் சுகம், இரவில் ஆபத்து. வெயிலுக்கு உள்ளே இறங்கும் சிறிய கறுப்புக் கண்ணாடி உள்ள வகை இந்தச் சிக்கலைத் தீர்க்கும். முன்னும் பின்னும் துளைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு, உள்ளே தெர்மாகோலிலும் அவற்றுக்கு வழி வெட்டியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டில் மட்டும் துளையிட்டு உள்ளே அடைத்திருந்தால் அது வெறும் அலங்காரம். உட்பஞ்சு கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். வேர்வை நாற்றமே பலரை ஹெல்மெட்டை விட்டு ஓடச் செய்கிறது. வெளிர் நிறம் நின்ற வண்டியில் வெயிலைக் குறைவாக வாங்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களின் விபத்து அபாயம் 24 சதவீதம் குறைவு என்று கண்டது. வெயில் ஊரில் வெள்ளைக்கு இரண்டு காரணங்கள்.

ஐ.எஸ். 4151 எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கக் கூடாது. முத்திரையையே போலியாக ஒட்டுபவர்கள் இருப்பதால், அதன் கீழே உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். கடையில் நின்றபடியே முடியும். வாங்கிய பிறகு வெயிலில் வண்டிமேல் வைத்துவிட்டுப் போவதைத் தவிர்க்க வேண்டும். பெட்ரோலாலோ தின்னராலோ துடைக்கக் கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும். நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழாது. அடியே படாவிட்டாலும் ஐந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளை.

புறவழிச்சாலையோ நான்குவழிச்சாலையோ அன்றாடப் பாதையில் இருந்தால் விடை வேறு. அங்கே தாடையை மூடியே ஆக வேண்டும். புழுக்கத்துக்கு மாற்று உண்டு: தாடைப்பகுதி முன்னே நீண்டு வாய்க்கு இடம் விடும் மோட்டோகிராஸ் பாணி ஹெல்மெட், அல்லது சிக்னலில் தாடைப்பகுதியை மேலே தூக்கிக்கொள்ளும் மாடுலர் ஹெல்மெட். பின்னதன் எடையும் விலையும் கூடுதல். ஓடும்போது மூடியே வைத்திருக்க வேண்டும் என்ற ஒழுக்கமும் வேண்டும்.

தேர்வுக்கு வெளியே உள்ள பொறுப்பு

வாங்குபவரிடம் மட்டும் எல்லாப் பொறுப்பையும் சுமத்துவது இந்த விவாதத்தின் வழக்கமான குறை. ஐரோப்பாவில் விற்கும் ஹெல்மெட்டின் ஸ்ட்ராப்பில் ஓர் எழுத்து இருக்கும். ‘ஜே’ என்றால் தாடைக்குப் பாதுகாப்பு இல்லை, ‘பி’ என்றால் தாடைப்பகுதி மோதல் சோதனையில் தேறியது, ‘என்.பி.’ என்றால் தாடை மூடியிருக்கிறது, ஆனால் அது காக்காது. இந்தியாவில் முழுமுக ஹெல்மெட்டுக்கும் முகம் திறந்ததற்கும் ஒரே ஐ.எஸ்.ஐ. முத்திரைதான். அதைப் பார்க்கும் சாதாரண மனிதர் இரண்டும் சமமாகக் காக்கும் என்று எண்ணுவது இயற்கை. எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பதை அந்தந்த மொழியில், பெரிய எழுத்தில் அச்சிடச் செய்வது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தால் முடியக்கூடிய எளிய சீர்திருத்தம். காற்றோட்டத்தையும் அளந்து எண்ணாகச் சொல்லலாம். ‘ஏர் ஃப்ளோ’ என்று அட்டையில் அச்சிட்டதை நம்பி வாங்கும் நிலைமை, வெப்ப நாட்டில் வாழும் கோடிக்கணக்கான ஓட்டிகளுக்கு ஏற்றதல்ல.

முகம் திறந்த ஹெல்மெட்டைப் பற்றி என் தீர்ப்பு இதுதான். நகரத்தின் மெதுவான புழுக்கத்தில், சரியான அளவும் இறுகிய ஸ்ட்ராப்பும் நீண்ட வைசரும் இருந்தால் அது நேர்மையான தேர்வு. வெறும் தலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறந்த தேர்வு. ஊரெல்லை தாண்டும் பயணத்துக்கு அது போதாது. அங்கே வெயிலும் அதற்குச் சாதகமாக நிற்பதில்லை. அரை ஹெல்மெட் எந்தச் சாலைக்கும் தேர்வே அல்ல. முடிந்தவர்கள் இரண்டு வைத்துக்கொள்ளட்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர்கள், தாங்கள் மிக வேகமாக ஓட்டும் சாலைக்கு ஏற்றதை வாங்கட்டும். வெயிலின் தொல்லை வீடு வந்து ஒரு சொம்பு மோர் குடித்தால் இறங்கிவிடும். தாடையில் விழும் அடி அப்படி இறங்குவதில்லை.